செர்ரிப் பூ காத்திருக்குமா?

ஜப்பானுக்குப் போகிறவர்கள் வசந்த காலத்தில்தான் போக வேண்டும், செர்ரிப் பூவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்று ஆசைப்படுவது நியாயந்தான். ஆனால், தேதியில்தான் தகராறு! விமான டிக்கெட்டை நாலைந்து மாதம் முன்னாலேயே வாங்கிவிட வேண்டியிருக்கிறது. ஹோட்டல் அறையும் அப்படியே. பூவோ, இரண்டு வாரம் முன்னால்கூட நிச்சயமாக வாக்குக் கொடுப்பதில்லை. வருஷக் கணக்கில் சிறுவாடு சேர்த்து, ஆபீஸில் கெஞ்சி லீவு வாங்கி, ஆசையோடு போய் இறங்கினால் அங்கே வெறும் கிளைகள் நிற்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். அல்லது முதல் நாள் இரவு மழையில் அத்தனையும் கொட்டிப் போய், காலையில் தெருவைப் பெருக்கிக் கொண்டிருக்கிறார்கள்! வயிறு எரியுமா, எரியாதா?

ஆகவே, டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பூவின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள்.

ஜப்பானிய நகரங்களில் பெரும்பாலும் கண்ணில் படுவது ‘ஸோமெயி யோஷினோ’ என்ற ஜாதி. விதை போட்டு முளைத்ததல்ல. ஒட்டுக் கட்டியே பெருக்கியது. அதனால் அத்தனை மரங்களும் ஒரே மரத்தின் வாரிசு, ஒரே அச்சு. ஓர் ஊரில் உள்ள மரங்கள் எல்லாம் ஏக காலத்தில் பூக்கின்றன. ஏக காலத்தில் உதிர்ந்தும் விடுகின்றன. முதல் பூவுக்கும் முழு மலர்ச்சிக்கும் நடுவே ஒரு வாரம், பத்து நாள். அதன் பிறகு காற்றும் மழையும் தயவு வைத்தால் இன்னும் சில நாள்.

இதன் மொட்டு முந்தின வருஷக் கோடையிலேயே உண்டாகி விடுகிறது. பிறகு தூங்கப் போய் விடுகிறது. அதைத் தட்டி எழுப்புவது வெயில் அல்ல, குளிர்! பனிக்காலத்துக் குளிர் போதுமான அளவு பட்டால்தான் தூக்கம் கலைகிறது. அதற்கப்புறம் வெப்பம் ஏற ஏற மொட்டு பருக்கிறது. டோக்கியோவில் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பிப்ரவரி 1-ந் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளின் உச்ச வெப்பத்தையும் பால் கணக்குப் போல் கூட்டிக்கொண்டே வந்து, 600 டிகிரி தேறியதும் பூவை எதிர்பார்க்கலாம் என்கிறார்கள்.

டோக்கியோ யாஸுகுனி ஆலயத்தில் ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலை இலாகாவினர் வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். ஐந்தாறு பூ மலர்ந்திருந்தால் ‘பூத்து விட்டது’ என்று அறிவிப்பு. எண்பது சதவிகிதம் மலர்ந்தால் முழு மலர்ச்சி. (நம் வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட இத்தனை உபசாரம் நடந்ததில்லை!) டோக்கியோவில் முதல் பூவுக்குச் சராசரித் தேதி மார்ச் 24, முழு மலர்ச்சிக்கு மார்ச் 31. ஆனால், சராசரியை நம்பி மோசம் போகாதீர்கள். 2020, 2021, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும் மார்ச் 14-லேயே பூத்து விட்டது. 2024-ல் மார்ச் 29 வரை இழுத்தடித்தது. ஒரே ஊரில், அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில், பதினைந்து நாள் வித்தியாசம்! கியோட்டோவிலோ பழைய நாட்குறிப்புகளிலிருந்து 1,200 ஆண்டுக் கணக்குத் திரட்டி வைத்திருக்கிறார்கள். அதில் அதற்கு முன் எந்த வருஷத்திலும் இல்லாத அளவு சீக்கிரமாக, 2021-ல் மார்ச் 26-ந் தேதியே முழு மலர்ச்சி கண்டுவிட்டது.

பூ ஜோசியம் சொல்வதை அந்த நாட்டு வானிலை இலாகாவே 2010-ல் நிறுத்திக் கொண்டது. இப்போது தனியார் கம்பெனிகள் குளிர்காலத்திலேயே ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் திருத்தித் திருத்திச் சொல்கின்றன.

இப்படிப்பட்ட பூவுக்கு எந்தத் தேதியில் டிக்கெட் வாங்குவது? என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சற்றுப் பிந்திப் போவதே மேல் என்பேன். முந்திப் போனவர்கள் மொட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை. பிந்திப் போனவர்களுக்கோ வழி இருக்கிறது. பூ கீழேயிருந்து மேட்டுக்கு ஏறுகிறது; தெற்கேயிருந்து வடக்கே நகர்கிறது. விட்ட பூவை ரயிலேறித் துரத்திப் பிடித்து விடலாம்!

உதாரணமாக, ஏப்ரல் முதல் வாரத்தில் டோக்கியோவில் இறங்குகிறீர்கள். பூ இருந்தால் கேள்வியே இல்லை. உதிர்ந்திருந்தால் ஷிங்கான்ஸென் ரயிலில் இரண்டே கால் மணி நேரத்தில் கியோட்டோ. அங்கும் முடிந்து போனதா? பக்கத்தில் நாரா ஜில்லாவில் யோஷினோ மலை இருக்கிறது. சுமார் 30,000 மரங்கள், அநேகமாக மலைச் செர்ரி. அடிவாரம், நடுமலை, மேல்மலை, உள்மலை என்று நாலு படியாகப் படிப்படியாகப் பூத்துக்கொண்டு போகும். அடிவாரத்தில் உதிரும்போது உச்சியில் மொட்டு அவிழும். கியோட்டோவிலேயே நின்னாஜி கோயிலின் ‘ஒமுரோ’ செர்ரி எல்லாம் அடங்கிய பிறகு, ஏப்ரல் நடுவில் நிதானமாகப் பூக்கிற ஜாதி. மரம் குட்டை, பூ முகத்துக்கு நேரே நிற்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டாம். மாமியாரை அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஏறக்குறைய அதே சமயத்தில் ஒஸாகா நாணயச் சாலையும் தன் தோட்டப் பாதையை ஒரு வாரம் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறது. அங்கே அடுக்குச் செர்ரிதான் அதிகம். 1883-ல் தொடங்கிய வழக்கம் இது.

“அதெல்லாம் சரி, பள்ளிக்கூடம் போகிற குழந்தைகளை வைத்துக்கொண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் எப்படிக் கிளம்புவது?” என்கிறீர்களா? முழுப் பரீட்சை முடிந்த பிறகு போகிறவர்கள் டோக்கியோவையும் கியோட்டோவையும் பூவுக்காக நம்ப வேண்டாம். நேரே வடக்கே போங்கள். ஹிரோஸாகி கோட்டைப் பூங்காவில் சுமார் 2,600 மரங்கள். அந்தப் பக்கம் ஆப்பிள் விளையும் சீமை. ஆப்பிள் மரத்தைக் கழிக்கிற கைத்திறனையே செர்ரிக்கும் காட்டுவதால் ஒவ்வொரு கிளையிலும் பூ மண்டிக் கிடக்கும். உதிர்ந்தாலும் நஷ்டமில்லை. அகழித் தண்ணீர் தெரியாமல் இளஞ்சிவப்பு இதழ்கள் பாய் விரித்தாற்போல் மிதக்கும். அதைக் காண்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. இன்னும் வடக்கே ஹொக்காய்டோ தீவில், ஹாகோடாட்டே நகரத்தின் நட்சத்திர வடிவக் கோட்டை. அதற்கும் மேலே ஸப்போரோ, அங்கே சராசரித் தேதி மே 1. ஆனால், 2023-ல் ஸப்போரோவிலேயே ஏப்ரல் 15-ல் பூத்துவிட்டது. ஆகவே, வடக்கிலும் ஒரே ஊரைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். இரண்டு ஊர்களுக்காவது இடம் வைத்துக்கொண்டு போங்கள். ஏப்ரல் 29-லிருந்து மே 5 வரை அவர்களுக்கும் தொடர் விடுமுறை. ரயிலிலும் ஹோட்டலிலும் நம் தீபாவளிக் கூட்டம்தான்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். பூக்கும் பருவத்தில் திடீரென்று குளிர் திரும்பும். அதற்கென்றே அங்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். புடவைக்கு மேல் நல்ல கம்பளிச் சட்டை வேண்டும், காலுறையும் வேண்டும். பூவைக் கண்டதும் நம் கை தானாகத் தலைக்குப் போகும். அங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. படம் எடுப்பதற்காகக் கிளையை வளைப்பதும் கூடாது. டோக்கியோவில் ஷிஞ்ஜுகு தோட்டத்துக்குப் போனால் மது அருந்தும் கூட்டத்தின் தொல்லை இல்லை, அங்கே மதுவுக்குத் தடை. குடும்பத்தோடு பாய் விரித்து உட்கார ஏற்ற இடம்.

உட்கார்ந்ததும் ‘ஸகுரா மோச்சி’ வாங்கிச் சாப்பிடுங்கள். உள்ளே சிவப்புப் பயற்றுப் பூரணம். டோக்கியோப் பக்கம் மெல்லிய கோதுமைத் தோசையில் சுற்றித் தருவார்கள். கியோட்டோப் பக்கம் பசையுள்ள அரிசி நொய்யில் பிடித்த கொழுக்கட்டையாக இருக்கும். இரண்டையும் உப்பில் ஊறிய செர்ரி இலையில் பொதிந்திருப்பார்கள். அந்த இலையை வாழை இலை மாதிரி எறிந்துவிட வேண்டாம். தித்திப்போடு சேர்த்துக் கடித்தால் அந்த உப்புதான் ருசி.