தொழிலைப் பள்ளியில் சொல்லிக் கொடு! கற்கும் நாளுக்குக் கூலி கொடு!

கோவிலம்பாக்கத்தில் நெல் விளைந்த காலத்தை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்று அங்கே விளைவதெல்லாம் கட்டிடங்கள்தான். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காக எழுந்த தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பல்லாவரம் - துரைப்பாக்கம் 200 அடி ரோட்டின் இருபுறமும் அடுக்கு மாடிகள். கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை சாரம் கட்டாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தனை கட்டிடங்களையும் எழுப்புகிற கைகள் தொழிலை எங்கே கற்றன? யார் கற்றுக் கொடுத்தார்கள்? இனி வரும் வாலிபர்களுக்கு யார் கற்றுக் கொடுக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்விகளை நாம் இன்று எழுப்ப விரும்புகிறோம். விவசாயத்துக்கு அடுத்தபடியாக இந்த நாட்டில் அதிகம் பேர் பிழைப்பது கட்டிடத் தொழிலில்தான். அப்படிப்பட்ட தொழிலுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

திருட்டுத்தனமாகக் கற்கும் தொழில்

பத்தாவது முடித்த பையன் ஒருவன் கட்டிட வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வாத்தியார் இல்லை, பாடமில்லை, பரீட்சையில்லை. மேஸ்திரி கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் கூட்டுரோட்டில் நின்றுவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். முதல் வருஷம் மணல் சலிப்பான், செங்கல் சுமப்பான், சாந்து குழைப்பான். கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்ப்பான். அதைப் பார்த்துவிட்டுத் திட்டாமல், "கையை இப்படித் திருப்படா தம்பி" என்று சொல்லும் கொத்தனார் கிடைத்தால் அவன் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் ஐந்து வருஷம் கழித்தும் அவன் கையில் சாந்துச் சட்டிதான்.

இப்படிக் கற்றும் அற்புதமாக வேலை செய்கிற கொத்தனார்கள் நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆனால் அவர்களையே கேட்டுப் பாருங்கள். "எப்படிச் செய்வது என்று தெரியும், ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்பார்கள்.

செங்கல்லை ஏன் நனைத்து வைக்க வேண்டும்? காய்ந்த கல் சாந்திலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் இழந்த சாந்து சரியாக இறுகாது. போட்ட கான்கிரீட்டுக்கு ஏன் நாள்தோறும் தண்ணீர் காட்ட வேண்டும்? சிமெண்ட் இறுகுவது காய்வதால் அல்ல. தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் ரசாயன மாற்றத்தால். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள் ஈரம் வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. கம்பிக்கு மேல் ஏன் போதிய கனத்துக்கு கான்கிரீட் மூட வேண்டும்? மூடாவிட்டால் ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடித்து, வீங்கி, கூரையையே உடைக்கும்.

இன்னொன்றைப் பாருங்கள். அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும்போது மேஸ்திரி ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று அளப்பார். வந்தால் மூலை சரி. அதே கணக்கைப் பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் தேற்றம் என்ற பெயரில் நமது பையன் மனப்பாடம் செய்திருக்கிறான். பரீட்சையில் தப்பாக எழுதி மார்க்கும் இழந்திருக்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கும் யாரும் சொல்லவில்லை; மேஸ்திரிக்கும் யாரும் சொல்லவில்லை. படிப்பு ஒரு தெருவிலும் உழைப்பு வேறொரு தெருவிலும் போகும்படி செய்து வைத்த சமுதாயத்தின் குற்றமல்லவா இது?

பெண்களின் கதை இன்னும் கொடுமை. ஆண் என்றால் ஐந்து வருஷத்திலாவது கரணை பிடிக்கலாம். பெண் இருபது வருஷம் வேலை செய்தாலும் சித்தாள்தான். கல் எந்த வரிசையில் போகிறது, பூச்சு எந்தப் பதத்தில் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ரசமட்டத்தை அவள் கையில் கொடுப்பவர் இல்லை. கொத்தனார் கூலியைக் கொடுப்பவரும் இல்லை.

குலத்தொழில் வேண்டாம், கற்ற தொழில் வேண்டும்

"பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடு" என்று நாம் சொன்னதும் சிலருக்குச் சந்தேகம் வரும். "பழையபடி குலக்கல்வியா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1953ல் ராஜாஜி மந்திரி சபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நாடே கொந்தளித்தது. 1954ல் காமராஜ் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. சரியாகவே கைவிடப்பட்டது.

2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அதிலுள்ள 18 தொழில்களில் கொத்தனார் வேலையும் ஒன்று. ஐந்து முதல் ஏழு நாள் வரை அடிப்படைப் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய். ஆனால் குடும்பத்தில் வழிவழியாக வந்த தொழிலாக இருக்க வேண்டும் என்ற வாசனை அதில் வீசியது. அந்த நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று கேட்ட தமிழக அரசு, 2024 நவம்பரில் அந்த வடிவில் திட்டத்தை ஏற்க மறுத்தது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றை ஆரம்பித்தது. அதில் ஜாதி இல்லை, குலம் இல்லை. 35 வயது நிரம்பியவர்களுக்குக் கடனும் மானியமும் உண்டு.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. 35 வயதுக்காரருக்குக் கடன் கிடைக்கிறது. 18 வயதுப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? குலத்தொழில் என்ற வாசலை அடைத்தது சரி. அதற்குப் பதிலாக எந்த வாசலைத் திறந்தோம்?

குலக்கல்வி பள்ளியை வெட்டித் தொழிலைக் கொடுத்தது. நாம் கேட்பது பள்ளிப்படிப்பு முடிந்த பிறகு, எந்த ஜாதியில் பிறந்தவரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், விரும்பிய தொழிலை முறையாகக் கற்கும் உரிமை. மண்ணையும் சாந்தையும் தொடுவது தாழ்வு என்ற எண்ணத்தை ஒழிக்கவும் இதைவிட நல்ல வழி இல்லை.

சட்டம் இருக்கிறது, சாரம் இல்லை

"தொழில் பழகுநர் சட்டம்தான் இருக்கிறதே!" என்று அதிகாரிகள் சொல்வார்கள். இருக்கிறது. 1961ல் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. 2019ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் பழகுநர்களை எடுத்தே தீரவேண்டும். மொத்த ஆட்களில் இரண்டரை சதவீதம் முதல் 15 சதவீதம் வரை எடுக்க வேண்டும். கண்ட்ராக்ட் ஆட்களும் கணக்கில் உண்டு.

கோவிலம்பாக்கத்தில் வீடு கட்டும் கண்ட்ராக்டரிடம் எத்தனை பேர்? எட்டுப் பேர், பத்துப் பேர். அவரை இந்தச் சட்டம் தொடாது. பெரிய கம்பெனியோ வேலையைத் துண்டு துண்டாக்கி மேஸ்திரிகளிடம் விட்டுவிடுகிறது. "அவர்கள் எங்கள் ஆட்களே அல்ல" என்று கையை விரிப்பது அதற்குச் சுலபம். எடுக்கத் தவறினால் என்ன தண்டனை? 2014ல் செய்த திருத்தம் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. ஒரு பழகுநருக்கு மாதம் 500 ரூபாய் அபராதம். மூன்று மாதம் போனால் 1,000 ரூபாய். அடுக்கு மாடி கட்டும் முதலாளிக்கு இது டீச் செலவு!

பழகுநருக்குக் கிடைப்பது என்ன? 2019 விதிகள் வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை. 5,000 ரூபாயை 26 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 200 ரூபாய்கூட இல்லை. இன்னொரு கணக்கும் சர்க்காரிடமே இருக்கிறது. கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் உள்ள தமிழ்நாடு கட்டுமானக் கழகத்தில், நல வாரியத்தில் பதிவு செய்த அனுபவத் தொழிலாளர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி தருகிறார்கள். இழக்கும் கூலிக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கற்கும் நாள் பட்டினி நாளாகக் கூடாது என்ற நியாயத்தைச் சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த நியாயம் வாலிபனுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

மேலும், அந்தச் சட்டத்தின் 18வது பிரிவு பழகுநர் "தொழிலாளி அல்ல" என்கிறது. வேலை வாங்கும்போது தொழிலாளி. உரிமை கேட்கும்போது மாணவன். ஆகவேதான் சொல்கிறோம்: ஒன்றும் தெரியாத பையனை நேராகச் சாரத்தில் ஏற்றிவிட்டு அதற்குப் பழகுநர் பயிற்சி என்று பெயர் சூட்டாதே. முதலில் பள்ளி, பிறகு பழகுநர் வேலை, பிறகு முழுக் கூலி. இதுதான் சரியான வரிசை.

ஐ.டி.ஐ.க்கள் இல்லையா என்று கேட்கலாம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை ரூ.2,877 கோடித் திட்டத்தில் ரோபோ முதலான நவீன இயந்திரங்களோடு புதுப்பிக்கும் வேலையை அரசு மேற்கொண்டது. பாராட்டுகிறோம். ரோபோவுக்கு இடம் கொடுத்த மனசு, கரணைக்கும் தூக்குக் குண்டுக்கும் ஒரு கொட்டகை கொடுக்கக் கூடாதா?

பணம் எங்கே என்கிறீர்களா?

1996ல் வந்த சட்டம் கட்டிடச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல், இரண்டு சதவீதத்துக்கு மேற்படாமல், தொழிலாளர் நலனுக்கு வரி வசூலிக்கலாம் என்றது. வசூலிப்பதோ ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதமும் போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேரவில்லை. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: நாடு முழுவதும் வசூலானது ரூ.37,400 கோடிக்கு மேல். செலவழித்தது சுமார் ரூ.9,500 கோடி. மிச்சம் தூங்குகிறது!

"நல வாரியப் பணத்தில் கை வைத்தால் ஓய்வூதியம் என்னாவது?" என்று மூத்த தொழிலாளர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். இந்த வாரியம் இனாமாக வந்ததல்ல. கட்டிடத் தொழிலாளர்கள் போராடிப் பெற்றது. ஓய்வூதியத்திலிருந்து ஒரு காசுகூட எடுக்கக் கூடாது என்பதுதான் நமது நிலையும். சட்டம் இடம் கொடுக்கும் அந்த இரண்டாவது சதவீதத்தில் பாதியைப் பயிற்சிக்கென்று தனியாக வசூலிக்கட்டும். ஒரு கோடி ரூபாய்க் கட்டிடத்துக்கு இது 50,000 ரூபாய். இதனால் எந்த பில்டரும் ஓட்டாண்டியாகிவிட மாட்டார். முதலாளித்துவ பிரிட்டனிலேயே 1960கள் முதல் கட்டிடக் கம்பெனிகளிடம் பயிற்சி வரி வாங்குகிறார்கள். ஆளை உபயோகிப்பவன் ஆளை உருவாக்கும் செலவையும் தாங்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கோருவது

தாம்பரம் - மேடவாக்கம் வட்டாரத்தில், பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், ஒரு கட்டிடத் தொழிற்பள்ளி வேண்டும். கொத்து வேலை, கம்பி கட்டுதல், சென்ட்ரிங், குழாய் வேலை, மின்சார வேலை, மர வேலை, பெயிண்டிங் ஆகியவற்றை ஆறு மாதம் அங்கே கற்ற பிறகே பழகுநராக அனுப்ப வேண்டும். அனுபவப்பட்ட கொத்தனாரும் இன்ஜினீயரும் சேர்ந்து பாடம் நடத்த வேண்டும். கொத்தனாருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுக்க வேண்டும்.

கற்கும் நாளுக்கு, தையூரில் ஒப்புக்கொண்ட 800 ரூபாய் இங்கேயும் வேண்டும். இடங்களில் பாதி பெண்களுக்கு வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிஸ்ஸாவிலிருந்தும் வந்து நம்மோடு சாரத்தில் நிற்கும் தோழர்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பாடம் வேண்டும். "வெளியூர்க்காரன் வந்துவிட்டான்" என்று நம்மைப் பிரித்து இரு தரப்புக் கூலியையும் குறைக்கும் தந்திரத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. பழகுநரைக் காட்டி இருக்கும் தொழிலாளியை விலக்கக் கூடாது. பரீட்சையில் தேறியவருக்குக் கொத்தனார் கூலி உறுதியாக வேண்டும்.

முதல் பாடம் பாதுகாப்பாக இருக்கட்டும். 2014 ஜூன் 28ல் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அதில் செத்தவர்கள் மேல் பழியில்லை. திட்டம் போட்டவர்களும் அனுமதி கொடுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம் அது. ஆனால் தொழிலை அறிந்த தொழிலாளிக்குத்தான் "இந்தத் தூண் சரியில்லை, நான் ஏறமாட்டேன்" என்று சொல்லும் தைரியம் வரும். பக்கத்தில் சங்கம் இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பலமும் வரும். அறியாத ஆளே போதும் என்று முதலாளி நினைப்பதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

"நம்ம ஊர்ப் பையன்கள் கட்டிட வேலைக்கு வருவதில்லை" என்று பில்டர்கள் புலம்புகிறார்கள். வருவான், ஐயா! கல் சுமக்க மட்டும் கூப்பிட்டால் வரமாட்டான். தொழிலைச் சொல்லிக் கொடுத்து, கூலியைக் கொடுத்து, மனிதனாக மதித்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அவனும் வருவான், அவன் தங்கையும் வருவாள்.

கோவிலம்பாக்கத்து வாலிபர்களே! பெற்றோர்களே! கட்டிடத் தொழிலாளத் தோழர்களே! ஊராட்சியின் கிராம சபை கூடும்போது இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். சங்கக் கூட்டங்களில் பேசுங்கள். கையெழுத்துத் திரட்டுங்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிற தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடு என்று கேட்பது பிச்சையல்ல. ஒன்றுபட்டுக் கேட்டால் கிடைக்கும். கேட்போம்; பெறுவோம்!