மருமகன் கேட்ட கேள்வி

மாமனார் நாட்டுக்கே பிரதமர். மருமகன் அதே கட்சியில் எம்.பி. வாயை மூடிக்கொண்டிருந்தால் சுகமாகக் காலம் தள்ளலாம். ஆனால் பெரோஸ் காந்தி எழுந்து நின்றார்!

அது 1957 டிசம்பர். ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் தொடங்கி ஒரு வருடம் சொச்சந்தான். அதில் இருந்தது யார் பணம்? தமக்குப் பின் பெண்டு பிள்ளைகள் தவிக்கக்கூடாதே என்று குமாஸ்தாவும் வாத்தியாரும் கட்டிய பணம். அதிலிருந்து சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு, முந்த்ரா என்ற வியாபாரியின் 6 கம்பெனிப் பங்குகளை வாங்கிவிட்டார்கள். முதலீட்டுக் கமிட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏன் வாங்கினார்கள், யார் சொல்லி வாங்கினார்கள் என்று லோக்சபையில் குடைந்தார் பெரோஸ் காந்தி.

எதிர்க்கட்சி கேட்டால், "வேண்டாதவர் பேச்சு" என்று தள்ளிவிடலாம். சொந்தக் கட்சிக்காரரே கேட்டால் எங்கே போய் ஒளிவது? இன்றைய எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். தலைவர் முகம் சுளிப்பாரே என்று வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜனங்களும் அவர்களிடம் "ரோடு போட்டீரா?" என்கிறார்களே தவிர, "கணக்குக் கேட்டீரா?" என்பதில்லை.

முந்த்ரா விவகாரம் விசாரணைக்குப் போயிற்று. பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள்!

1958 பிப்ரவரியில் நிதி மந்திரி ராஜினாமா செய்தார். அவர் தமிழ்நாட்டுக்காரரான டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அவர் பணம் தின்றதாக நீதிபதி சொல்லவில்லை. இலாகா செயலாளர் செய்ததற்கும் மந்திரிதான் பொறுப்பு என்றார்.