பொம்மைப் படம்தானே!

நெருளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சினிமா என்றால் பக்கத்து ஸ்டேஷனான சீவுட்ஸில் இறங்கினால் போதும். ஸ்டேஷனை ஒட்டிய மாலிலேயே தியேட்டர். கூடவே பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் படத்தைப் பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. போஸ்டரில் பொம்மைகளா? அப்படியானால் குழந்தைகள் படம்தான்.

அவசரமான முடிவு இது. 1988இல் ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ இரண்டு அனிமேஷன் படங்களை ஒரே காட்சியாகச் சேர்த்து வெளியிட்டது. ஒன்று, இரு சிறுமிகள் ஒரு சாதுவான பூதத்தோடு சிநேகமாகும் 'மை நெய்பர் டோட்டோரோ'. மற்றது, போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் சாகும் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. இரண்டும் ஒரே ஸ்டுடியோவின் படங்கள். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஏற்றது ஒன்றுதான்.

சென்சார் சான்றிதழ் ஓரளவு கைகொடுக்கும். 1983 முதல் இருந்துவரும் 'யுஏ' பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரின் வழிகாட்டல் தேவை என்று மட்டுமே சொன்னது. 2023 சட்டத் திருத்தமும் 2024 விதிகளும் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டன. ஆனால் இவை பெற்றோருக்கான யோசனை மட்டுமே. 18 வயதாகாதவர்களுக்கு 'ஏ' படத்தில் இருப்பது போன்ற தடை இதில் இல்லை. 7+ படத்துக்கு ஐந்து வயதுக் குழந்தையை அழைத்துப் போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

2016இல் 'தி ஜங்கிள் புக்' படத்துக்கு 'யுஏ' கொடுக்கப்பட்டபோது பலர் கேலி செய்தார்கள். மௌக்லியாக நடித்த சிறுவனைத் தவிர, காடும் மிருகங்களும் கிட்டத்தட்ட முழுக்கக் கம்ப்யூட்டரில் உருவானவை. முப்பரிமாணத்தில் மிருகங்கள் பாய்ந்து வருவது குழந்தைகளை மிரட்டும் என்பது வாரியத்தின் வாதம். கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. இருட்டும் சத்தமும் பிரம்மாண்டமான திரையும் சேர்ந்தால், வீட்டு டி.வி.யில் சிரித்துக்கொண்டே பார்த்த புலி வேறு புலியாகிவிடும்.

புராணப் படங்களில் பெற்றோர் இன்னும் தாராளம். 2025இல் வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படத்தின் கதை, பாட்டி சொல்லிப் பழகியதுதான். ஆனால் இரணியன் வதம் வரும்போது பாட்டி பேரனின் முகத்தைப் பார்ப்பாள். கண்கள் விரிந்தால் குரலைத் தணித்துப் பிரகலாதனிடம் போய்விடுவாள். திரைக்கு அந்த இங்கிதம் தெரியாது.

சான்றிதழ் சொல்லாத விஷயமும் உண்டு. 1994இன் 'தி லயன் கிங்' அமெரிக்காவில் எல்லா வயதினருக்கும் என்று சான்று பெற்ற படம். அதில் தந்தைச் சிங்கம் சாகிறது. சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த குழந்தைக்கு அந்தக் காட்சி சாதாரணமாக இருக்காது. இதை எந்த வாரியமும் கணக்கில் எடுக்க முடியாது; தாய் தகப்பனுக்குத்தான் தெரியும்.

டிரெய்லரை மட்டும் நம்ப வேண்டாம். அதில் வேடிக்கைதான் அதிகம் இருக்கும். படம் பார்த்த இன்னொரு பெற்றோரிடம் கேட்கலாம். கதையை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். தமிழ்ப் பதிப்பு கிடைத்தால் சின்னக் குழந்தைக்கு அதுவே நல்லது. புரியாத மொழியில் பயம் இரட்டிப்பாகும். ஓரத்து சீட்டாகப் பார்த்து வாங்கினால், குழந்தை முகத்தை மூடிக்கொண்டதும் எழுந்து வெளியே வரலாம். டிக்கெட் காசு போனால் போகட்டும். ராத்திரித் தூக்கம் அதைவிட விலை அதிகம்.