சொந்த விபிஎன்: சாவி யாரிடம் இருக்கும்?

கொடைக்கானலுக்குக் காரில் ஏற இன்று இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. என்ன வண்டி, எத்தனை பேர், ஒரு நாள் பயணமா, தங்கப் போகிறோமா என்பதையெல்லாம் பதிந்துவிட்டுத்தான் மலையேறுகிறோம். மலையின் சூழலைக் காக்கும் ஏற்பாடு என்பதால் இதில் நமக்குக் குறையில்லை. ஆனால், மேலே போய் விடுதியின் வைஃபையில் செல்போனை இணைத்ததும் இன்னொரு தடம் பதியத் தொடங்குகிறது. எந்தத் தளத்துக்கு எப்போது போனோம் என்பதை வைஃபை நடத்துபவரும் இணைய நிறுவனமும் அறிய முடியும்.

சுற்றுலா செல்லும் குடும்பத்துக்கு இது பெரிய விஷயமில்லை. அநீதிக்கு எதிராகச் சான்று திரட்டுவோரின் நிலை வேறு. அதற்கும் இதே மலையில் உதாரணம் உண்டு.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு கிடப்பது அம்பலமானது. அது இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த கழிவு. ஆலை மூடப்பட்டது, தொழிலாளர்களின் போராட்டம் 15 ஆண்டுகள் நீடித்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளி இணையம் வழியாக உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இப்படியான போராட்டத்தில் முக்கியச் சான்று எது? யாருக்கு என்ன நோய், யார் எந்தப் பிரிவில் வேலை செய்தார், யார் சாட்சி சொல்ல முன்வருகிறார் என்ற விவரங்கள்தான். அன்று காகிதக் கோப்பில் இருந்தவை இன்று செல்போனில் இருக்கின்றன. அவை கசிந்தால் பாதிக்கப்படுவது அந்த ஏழைக் குடும்பங்களே.

இதனால்தான் சமூகப் பணியாளர்களுக்குச் சொந்தமாக விபிஎன் அமைக்கக் கற்றுத்தர வேண்டும் என்ற கருத்து வலுப்பெறுகிறது. மாத வாடகைக்கு ஒரு சர்வரை எடுத்து, அதில் ‘வயர்கார்ட்’ அல்லது ‘அவுட்லைன்’ போன்ற இலவச மென்பொருளை நிறுவி, குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுத்துவிடலாம். அதன்பின் செல்போனிலிருந்து சர்வர் வரை செல்லும் தகவல் பூட்டிய பெட்டிக்குள் போகும். விடுதி வைஃபைக்குத் தெரிவது அந்த சர்வரின் முகவரி மட்டுமே.

இலவச விபிஎன் செயலிகளை நம்புவதைவிட இது மேல். ஃபேஸ்புக் நிறுவனம் பாதுகாப்புச் செயலி என்று கொடுத்த ‘ஒனாவோ’, பயனர்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதைத் திரட்டி அந்த நிறுவனத்துக்கே கொடுத்தது. எதிர்ப்பு எழுந்த பின் 2019இல் அது மூடப்பட்டது.

ஆனால் சொந்த விபிஎன்னின் எல்லைகளையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். முதலாவது, அது நம்மை ஆளறியாமல் ஆக்காது. பெரிய நிறுவனத்தின் விபிஎன்னில் பல்லாயிரம் பேர் கூட்டத்தில் நாமும் ஒருவர். சொந்த சர்வரோ பத்து வீடுகள் மட்டுமே உள்ள தெரு. வாடகைக்கு எடுத்தவரின் பெயர் நிறுவனத்திடம் இருக்கும். குழுவில் ஒருவர் தவறு செய்தாலும் விசாரணை அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டும்.

இரண்டாவது, இணையமே நின்றுவிட்டால் விபிஎன்னும் நின்றுவிடும். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டபின் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அங்கே எந்த விபிஎன்னும் உதவியிருக்காது. சமூக வலைத்தளங்கள் மட்டும் முடக்கப்படும்போது நிலை வேறு. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் அவை முடக்கப்பட்டன. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, தாம் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் இத்தகைய தடை பயனற்றது என்றும் ட்விட்டரில் சொன்னார்.

மூன்றாவது, சட்டம். இந்தியாவில் பொதுவாக விபிஎன் குற்றமல்ல. ஆனால் காஷ்மீரில் 2020 பிப்ரவரியில், விபிஎன் மூலம் சமூக வலைத்தளங்களைத் தவறாகப் பயன்படுத்தியதாக உபா சட்டத்தின்கீழ் வழக்கு பதிவானது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு பிறப்பித்த உத்தரவு, விபிஎன் நிறுவனங்களும் சர்வர் வாடகை நிறுவனங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி உள்ளிட்ட விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. ஆகவே பயிற்சி தரும் இடத்தில் கணினி தெரிந்தவரோடு ஒரு வழக்கறிஞரும் இருப்பது அவசியம்.

எல்லாவற்றிலும் பெரியது நான்காவது. இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து மறைத்த தடம், நம் சர்வரை நிர்வகிக்கும் சகோதரரின் கைக்கு வந்துவிடுகிறது. யார் எங்கே போகிறார் என்பதை அவர் நினைத்தால் பார்க்கலாம். பிறர் அந்தரங்கத்தைத் துழாவுவதைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. அந்தத் தடை ஆட்சியாளருக்கு மட்டுமா? நம் ஜமாஅத்தின் இளைஞருக்கும்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சொன்னதை, நம் குழுக்களுக்குள்ளும் நாம் மதிக்க வேண்டும்.

எனவே, சர்வர் அமைக்கும் முன் குழு கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டியவை சில. நிர்வாகி ஒருவரா, இருவரா? பயணப் பதிவுகளைச் சேமிக்காத வகையில் சர்வர் அமைக்கப்பட்டதா? குழுவை விட்டுச் சென்றவரின் சாவியை அன்றே நீக்குவது யார் பொறுப்பு? செல்போன் பறிபோனால் யாரிடம் சொல்வது? இவற்றுக்குப் பதில் இல்லாமல் சர்வர் மட்டும் ஓடினால், பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பே நம்மைக் கவனக்குறைவில் தள்ளிவிடும்.

தொழில்நுட்பத்தை நம் பிள்ளைகள் ஒரே மாலையில் கற்றுக்கொள்வார்கள். பிறர் ரகசியம் அமானிதம் என்ற உணர்வு ஒரே மாலையில் வந்துவிடாது. இரண்டையும் சேர்த்தே அவர்களுக்குக் கற்றுக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.