என்ஜின் பாயும், கியர்ப் பெட்டி தாங்குமா?

அமெரிக்காவில் "பிக்-அப்" என்று ஒரு வண்டி உண்டு. முன்பக்கம் கார் மாதிரி இருக்கும். பின்பக்கம் லாரி மாதிரி இருக்கும்.

விவசாயி அதில் வைக்கோல் ஏற்றுவார். வீடு கட்டுகிறவர் சிமெண்டு ஏற்றுவார். குதிரை வளர்ப்பவர், குதிரைகளை ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வார். விடுமுறை வந்தால் குடும்பமே அதில் ஏறி ஊர் சுற்றப் புறப்பட்டு விடும்.

இந்த வண்டிகளில் பெரியவை பல டீசலில் ஓடுகின்றன. போர்டு, செவர்லே, ராம் ஆகியவை பெயர் பெற்றவை. ராம் வண்டிக்கு முன்பு "டாட்ஜ்" என்று பெயர்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. "என்ஜினுக்கு இன்னும் கொஞ்சம் சக்தி கூட்டினால் என்ன?" என்பதுதான் அந்த ஆசை.

கூட்டுவது சுலபம். கையடக்கமான மின்னணுப் பெட்டி ஒன்றை மாட்டினால் போதும். என்ஜினுக்குள் அதிக டீசல் பாயும். வண்டி சீறிக் கொண்டு கிளம்பும்.

அதற்குப் பிறகுதான் கேள்வி பிறக்கிறது. கம்பெனி கொடுத்த கியர்ப் பெட்டி இதைத் தாங்குமா? தாங்கும் என்றால் எவ்வளவு தாங்கும்?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. கியர்ப் பெட்டி பழுதானால் ஆயிரக்கணக்கான டாலர் செலவு. வண்டி பட்டறையில் நிற்கும். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை.

எண்ணெயில் ஓடும் விசிறி

இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது "ஆட்டோமேட்டிக்" கியர்ப் பெட்டி. டிரைவர் கிளட்சை மிதிக்க வேண்டாம். கியர் மாற்றவும் வேண்டாம். பெட்டியே மாற்றிக் கொள்ளும்.

அது எப்படி?

இரண்டு மின்சார விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். கியர்ப் பெட்டியில் காற்றுக்குப் பதில் எண்ணெய் இருக்கிறது. என்ஜின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது. எண்ணெய் பாய்ந்து மறு விசிறியைச் சுற்றுகிறது. இந்த உறுப்புக்கு "டார்க் கன்வெர்ட்டர்" என்று பெயர். வண்டி வேகம் பிடித்ததும், உள்ளே உள்ள ஒரு கிளட்சு இரண்டையும் சேர்த்துப் பூட்டி விடும்.

அதற்குப் பின்னால் பல்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்கவும் விடவும் வட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவையும் கிளட்சுகளே. எண்ணெயின் அழுத்தம்தான் அந்தத் தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது.

ஆகவே எல்லாம் அந்தப் பிடியில்தான் இருக்கிறது. பிடியை மிஞ்சி என்ஜின் முறுக்கினால் தகடு வழுக்கும். வழுக்கினால் உரசும். உரசினால் சூடேறும். சூடேறினால் தகட்டின் மேற்பூச்சு கருகும். கருகிய தகடு முன்னை விட அதிகமாக வழுக்கும்.

பெட்டி கெட்டது என்றதும் பல்சக்கரம் உடைந்து விட்டதாகவே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அது உடைவதற்கு முன்பே தகடு கருகி விடுகிறது.

எமன் எது?

விளம்பரங்களில் "குதிரைச் சக்தி" என்ற சொல்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால், கியர்ப் பெட்டிக்கு எமன் முறுக்கு விசை.

ஓர் அடி நீளக் கம்பியைப் படுக்கையாக நீட்டி, அதன் நுனியில் ஒரு ராத்தல் எடையைத் தொங்க விட்டால் உண்டாகும் முறுக்கு, ஓர் "அடி-ராத்தல்" ஆகும். ராத்தல் என்பது சுமார் 454 கிராம்.

டீசல் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பலமாக முறுக்கும். பாரம் இழுக்க அது ஏற்றதாக இருப்பது அதனால்தான். கியர்ப் பெட்டிக்குத் தொல்லை வருவதும் அதனால்தான்.

கம்பெனியே சாட்சி

கியர்ப் பெட்டியின் பலத்தை அறிய, கம்பெனிகள் செய்ததைப் பார்த்தாலே பாதி விளங்கி விடும்.

டாட்ஜ் வண்டியில் கம்மின்ஸ் டீசல் என்ஜின் 1989-ம் ஆண்டு மாடலில் வந்தது. அதற்கு 160 குதிரைச் சக்தி. முறுக்கு விசை 400 அடி-ராத்தல்.

1996-ம் ஆண்டு மாடலில் ஒரு வேடிக்கை நடந்தது. கையால் கியர் போடும் வண்டிக்கு 215 குதிரைச் சக்தி கொடுத்தார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு 180தான் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே இனத்து என்ஜின்!

2001-லும் அதே கதைதான். கையால் கியர் போடும் வண்டிக்கு மட்டும் 505 அடி-ராத்தல் என்ஜின் கிடைத்தது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கிடைத்தது 460.

ஏன் இந்த ஓரவஞ்சனை? என்ஜினால் முடியும். ஆனால், பின்னால் இருக்கும் பெட்டிக்கு இவ்வளவு போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2003-ல் "48 ஆர்.இ." என்ற பலமான ஆட்டோமேட்டிக் பெட்டி வந்தது. உடனே அந்த வண்டிக்கும் 305 குதிரைச் சக்தியும், 555 அடி-ராத்தல் முறுக்கும் கிடைத்தன.

பிறகு காற்று திசை மாறியது. 2013-ம் ஆண்டு மாடலில் கையால் கியர் போடும் வண்டிக்கு 660 அடி-ராத்தல்தான். "68 ஆர்.எப்.இ." என்ற ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு 800. ஐசின் கம்பெனியின் பெட்டிக்கு 850. கையால் போடும் கியர் 2018-ம் ஆண்டு மாடலோடு நின்றே போயிற்று.

2025-ம் ஆண்டு மாடலில் முறுக்கு விசை 1,075 அடி-ராத்தல். ஓர் அடிக் கம்பியின் நுனியில் சுமார் 488 கிலோ தொங்குவதற்குச் சமம்! இதற்கென்று 8 கியர் கொண்ட புதிய பெட்டியை வைத்திருக்கிறார்கள்.

செவர்லேயிலும் இப்படித்தான். 2001-ல் 520 அடி-ராத்தலுக்கு 5 கியர் அல்லிசன் பெட்டி. 2017-ல் 910 ஆனது. 2020-ல் 10 கியர் பெட்டி வந்தது.

காளையை மாற்றியவர்கள் நுகத்தடியையும் மாற்றியிருக்கிறார்கள்.

எட்டு எங்கே? முப்பத்து மூன்று எங்கே?

அப்படியானால் பழைய பெட்டியில் கொஞ்சம்கூட இடம் இல்லையா? இருக்கிறது. 48 ஆர்.இ. பெட்டியை வைத்துக் கொண்டே 2004-ல் முறுக்கு விசையை 555-ல் இருந்து 600 ஆக உயர்த்தினார்கள். அதாவது 100-க்கு 8 பங்கு உயர்வு.

சக்தி கூட்டும் பெட்டி விற்பவர்கள் 100 குதிரைச் சக்தி கூட்டித் தருகிறோம் என்கிறார்கள். 305-ல் 100 என்றால் 100-க்கு 33 பங்கு! கம்பெனி எட்டுப் பங்கோடு நின்ற இடத்தில், இவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கி வைக்கிறார்கள்.

வேறொரு சங்கடமும் உண்டு. கியர்ப் பெட்டியில் உள்ள கம்ப்யூட்டர், "என்ஜின் இப்போது எவ்வளவு முறுக்குகிறது?" என்று பார்த்து, அதற்கு ஏற்ப எண்ணெய் அழுத்தத்தை வைக்கிறது. சில சக்திப் பெட்டிகள், டீசல் அழுத்தம் குறைவாக இருப்பதாக என்ஜின் கம்ப்யூட்டரை ஏமாற்றித்தான் அதிக டீசலைப் பாய்ச்சுகின்றன. அந்தப் பொய்க் கணக்கு கியர்ப் பெட்டிக்கும் போய்ச் சேருகிறது. முறுக்கு அதிகம், பிடியோ பழைய பிடி. தகடு வழுக்காமல் என்ன செய்யும்?

அல்லிசன் பெட்டி இந்த வழுக்கலைக் கண்டுபிடித்தால், தன்னைக் காத்துக் கொள்ள முடங்கி விடும். வண்டி கியர் மாறாமல் நொண்டிக் கொண்டு போகும்.

காலி வண்டியும் பார வண்டியும்

ஒரே வண்டி, ஒரே சக்திப் பெட்டி. ஒருவரிடம் பல ஆண்டு ஓடுகிறது. இன்னொருவரிடம் சீக்கிரமே கருகி விடுகிறது. காரணம் பாரம்.

காலி வண்டியில் முழுச் சக்தியும் சில விநாடிகள்தான் வேலை செய்யும். அதற்குள் வண்டி வேகம் பிடித்து விடும். 5 டன் டிரெய்லரை மலைப் பாதையில் இழுத்தால், அதே சக்தி பல நிமிடங்கள் ஓயாமல் தகடுகளை முறுக்கும். எண்ணெய் கொதிநிலைக்குப் போகாவிட்டாலும், அதன் குணம் கெட ஆரம்பித்து விடும்.

எண்ணெயின் சூடு 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு.

ஆகவே, "எத்தனை குதிரைச் சக்தி தாங்கும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. பெட்டி எது? எத்தனை மைல் ஓடியது? என்ன பாரம் இழுக்கிறது? இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சக்தி கூட்டுவது எல்லாம் குற்றம் அல்ல. அதற்காகப் புகை வடிகட்டியைக் கழற்றி எறிவது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். பத்தாண்டு காலத்தில் 5½ லட்சத்துக்கும் அதிகமான டீசல் பிக்-அப் வண்டிகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020-ல் கணக்கிட்டது.

உத்தரவாதம் பற்றியும் ஒரு சட்டம் 1975 முதல் இருக்கிறது. வெளியில் வாங்கிய உறுப்பை மாட்டினார் என்பதற்காக மட்டும் கம்பெனி கையை விரிக்க முடியாது. அந்த உறுப்பினால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். ஆனால், கூடுதல் சக்தியால் தகடு கருகியிருந்தால் அதைக் காட்டுவது கம்பெனிக்குக் கஷ்டம் அல்ல. செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

எதை முதலில் செய்வது?

விவரம் தெரிந்த வண்டிக்காரர்கள் வரிசையை மாற்றுகிறார்கள். முதலில் எண்ணெய்ச் சூடு காட்டும் கருவியைப் பார்க்கிறார்கள். எண்ணெய் கறுத்திருக்கிறதா, தீய்ந்த வாடை வருகிறதா என்று சோதிக்கிறார்கள். பிறகு நல்ல டார்க் கன்வெர்ட்டரும் பலமான தகடுகளும் போடுகிறார்கள். என்ஜினில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

அந்தச் செலவுக்கு வழி இல்லாதவர்களுக்கும், தினமும் பாரம் இழுத்துப் பிழைப்பவர்களுக்கும் கம்பெனி கொடுத்த சக்தியே போதும். அது வண்டியின் பலவீனமான உறுப்பையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு.