வாடை போச்சு, வண்ணமும் போச்சு

போன ஐப்பசி மழையில் எங்கள் அச்சங்குளத்து வீட்டுச் சாமி அறைச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. மாட்டியிருந்த படங்களில் எல்லாம் பூஞ்சை வாடை. அதில் இரண்டு எனக்கு உயிர். ஒன்று, கோவில்பட்டி கொண்டையராஜு பாணியில் வரைந்து சிவகாசியில் அச்சடித்த காலண்டர் முருகன். மற்றது, அம்மாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோ. கன்னத்துக்கும் உதட்டுக்கும் ஸ்டுடியோக்காரர் கையால் நிறம் தீட்டியது.

"ஓசோன் மிஷின் வச்சா ஒரே ராத்திரியில வாடை போயிரும் மாமா" என்று தங்கச்சி மகன் ஒருவரைக் கூட்டி வந்தான். வந்தவர், "வெறும் ஆக்சிஜன்தான் சார், கெமிக்கலே கிடையாது" என்றார். சட்டத்திலிருந்து படங்களைக் கழற்றச் சொன்னார். அறையைப் பூட்டி விடிய விடிய ஓட்டினார்.

காலையில் கதவைத் திறந்தேன். தொண்டை எரிந்து இருமல் வந்தது. வாடை போயிருந்தது. அம்மாவின் உதட்டுச் சிவப்பும் போயிருந்தது. அலமாரியில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்தால் பொட்டென்று அறுந்தது. நாலாம் நாள் பூஞ்சை வாடை திரும்பி வந்துவிட்டது. சுவர் காயவில்லையே, வராமல் என்ன செய்யும்?

ஆக்சிஜன் சாது என்று எங்கள் பக்கம் வந்து சொல்லலாமா? மருந்தில் வெடியுப்பு எதற்குப் போடுகிறோம்? கந்தகமும் கரியும் எரிய ஆக்சிஜன் கொடுக்கத்தானே! 2021 பிப்ரவரி 12 அன்று இதே ஊர்ப் பட்டாசு ஆலை விபத்தில் இருபது உயிர்களுக்கு மேல் பறிகொடுத்தவர்கள் நாம்.

ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணு சேர்ந்தது. மூன்றாவது அணு நிலையாக ஒட்டி இருக்காது. எதிரே கிடைத்ததைப் பிடித்துச் சிதைக்கும். வாடை எது, சாயம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாயம், ரப்பர், பட்டு, காகிதம் எல்லாம் அதற்கு இரைதான். 1840 வாக்கில் ஷோன்பைன் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்ததே 'வாடை அடிப்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து!

சிவகாசி ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருஷம் மையோடு புழங்கியவன் நான். வெயிலில் நிறம் வெளிறும் என்று தெரியும். இருட்டிலும் வெளிறும் என்று தெரியாமல் போனேன். ஆனால் 1983-லேயே கலிபோர்னியாவில் சோதித்து எழுதிவிட்டார்கள். பதினேழு நீர்வண்ணங்களையும் இரண்டு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களையும் வெளிச்சமே இல்லாமல், பத்து லட்சத்தில் 0.4 பங்கு ஓசோனில் மூன்று மாதம் வைத்தார்கள். அலிசரின் சிவப்பு நன்றாகவே வெளுத்தது. அச்சுப் படங்களின் மஞ்சளும் போனது. அறையைப் பூட்டி ஓட்டும் மிஷின் அதைவிடப் பல மடங்கு கக்கக்கூடியது.

குடிதண்ணீர் சுத்திகரிப்புக்கு ஓசோன் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெளிவாகச் சொல்கிறது: மனிதருக்குக் கெடுதல் செய்யாத அளவு ஓசோன், காற்றிலுள்ள வாடையையும் பூஞ்சையையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அப்படியென்றால் வேலை செய்யும் அளவு நுரையீரலுக்கும் ஆகாது, படத்துக்கும் ஆகாது. ஆஸ்துமாக்காரர் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பின்னே என்ன செய்வது? முதலில் ஒழுகலை அடையுங்கள். படத்தை நிழலில், காற்றோட்டத்தில் உலர விடுங்கள். காய்ந்த பூஞ்சையை மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். நிறம் உதிர்ந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு மூடியுள்ள பெட்டியில், படத்தில் படாமல், ஒரு கிண்ணம் கரித்துண்டோ சமையல் சோடாவோ வைத்துச் சில வாரம் பொறுங்கள். விலைமதிப்புள்ள தஞ்சாவூர்ப் படமென்றால் கை வைக்காமல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் யோசனை கேளுங்கள். 1930 முதல் அங்கே இதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது.

அம்மா படத்துக்கு மறுபடி நிறம் தீட்டித் தருகிறேன் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்தச் சிவப்பு அந்த ஸ்டுடியோக்காரர் கை வைத்தது. கொஞ்சம் வாடையோடு அப்படியே விட்டிருக்கலாம்.