வேகத்துக்கு யார் வரம்பிடுவது?

சீனாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 நவம்பரில் ஒரு வரைவு விதியை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. ஒரு காரை இயக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்ட குறைந்தது 5 விநாடிகள் எடுத்துக்கொள்ளும் நிலையிலேயே அந்தக் கார் இருக்க வேண்டும். அதைவிட விரைவான முடுக்கம் வேண்டுமெனில் ஓட்டுநர் அதைத் தாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த வரைவின் சாரம்.

உலகிலேயே மிக அதிகமாக கார்களைத் தயாரிக்கும் ஒரு நாடு, கார்களைச் சற்று மெதுவாகப் புறப்படச் சொல்வது வியப்பளிக்கலாம். இதன் பின்னணியைப் புரிந்துகொள்ள, நான்கு சக்கரங்களும் இயங்கும் 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்கிற கார் வகையின் பழைய தலைமுறையையும் புதிய தலைமுறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். பார்வைக்கு அது சாதாரணக் குடும்பக் கார்தான். நான்கு கதவுகள், ஐந்து இருக்கைகள், பின்னால் பெட்டிகள் வைக்க இடம். ஆனால், என்ஜினின் திறன் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமன்றி நான்குக்கும் செல்வதால் மண், மழை, பனி எதிலும் வழுக்காமல் சீறிப் பாயக் கூடியது.

நான்கு சக்கர இயக்கம் வேகத்துக்கும் பயன்படும் என்பதை 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோ நிரூபித்தது. உலக ராலி பந்தயங்களில் அது பெற்ற வெற்றிகளைக் கண்டு பிற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. கட்டுப்பாடற்ற ஆற்றலுடன் ஓடிய 'குரூப் பி' கார்கள் 1986-இல் உயிரிழப்புகளை ஏற்படுத்தியபோது, அந்தப் பிரிவுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து 'குரூப் ஏ' விதிகள் முதன்மை பெற்றன.

அந்த விதிகளில் ஒரு நிபந்தனை முக்கியமானது. பந்தயத்தில் ஓடும் காரின் அடிப்படை வடிவத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்திருந்தால்தான் அங்கீகாரம் கிடைக்கும். முதலில் 5,000 என்றும், பின்னர் 2,500 என்றும் அந்த எண்ணிக்கை நிர்ணயிக்கப்பட்டது. பந்தயத்தில் வெல்ல வேண்டுமானால், பந்தயத்துக்கு ஏற்ற காரைச் சந்தையிலும் விற்றாக வேண்டும் என்ற நிலை உருவானது.

1992 அக்டோபரில் மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷனும், அடுத்த மாதமே சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் ஜப்பானில் வெளிவந்தது இந்த நிபந்தனையால்தான். சென்னையை அடுத்த திருவள்ளூரில் 1998 முதல் தயாரிக்கப்பட்ட லேன்சரை நம்மில் பலரும் சாலைகளில் பார்த்திருப்போம். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய எவல்யூஷன் காரில்தான் பின்லாந்தின் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி வாகையர் ஆனார். 1995 முதல் 1997 வரை தயாரிப்பாளர்களுக்கான பட்டத்தை சுபாரு தன்வசம் வைத்திருந்தது.

இந்தப் பழைய தலைமுறைக்கு வேறொரு வரம்பும் இருந்தது. சாலை விபத்துகள் கவலையளித்த 1980-களின் இறுதியில், உள்நாட்டில் விற்கும் கார்களின் திறன் 280 குதிரைத்திறனைத் தாண்டாது என்று ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அது சட்டமல்ல, ஆனாலும், அறிவிக்கப்படும் அளவில் சுமார் 15 ஆண்டுகள் அது மதிக்கப்பட்டது. 2004-இல் 300 குதிரைத்திறன் கொண்ட ஹோண்டா லெஜண்ட் வந்தபோது அந்த வரம்பு முடிவுக்கு வந்தது. லெஜண்டும் நான்கு சக்கரங்களும் இயங்கும் செடான்தான்.

ராலி விதி உருவாக்கிய கார்கள், ராலி விதி மாறியதும் தம் அவசியத்தை இழந்தன. 1997-இல் வந்த புதிய விதிகள், பந்தயக் காரை ஒத்த காரைச் சந்தையில் விற்க வேண்டிய கட்டாயத்தை நீக்கின. 2005-இன் இறுதியில் மிட்சுபிஷியும், 2008-இன் இறுதியில் சுபாருவும் உலக ராலியிலிருந்து வெளியேறின. எவல்யூஷன் தயாரிப்பு 2010-களின் நடுவில் நின்றது. புதிய டபிள்யூஆர்எக்ஸை அடிப்படையாகக் கொண்டு பெட்ரோலில் ஓடும் 'எஸ்டிஐ' கார் வராது என்று 2022 மார்ச்சில் சுபாரு அறிவித்தது. புகை உமிழ்வு விதிகள் இறுகிவரும் காலத்தில் அது எதிர்பார்த்த முடிவே.

அந்த இடத்தை இன்று மின்சாரக் கார்கள் நிரப்புகின்றன. பழைய கார்களில் என்ஜினின் விசை கியர்பெட்டி, நடு டிஃபரென்ஷியல், நீண்ட தண்டு ஆகியவற்றின் வழியாகப் பின்சக்கரங்களை அடைந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் அந்த விசையைப் பங்கிட, கியர் தண்டின் அருகே ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பும் வசதியை சுபாரு தந்தது. புதிய தலைமுறையில் முன்னே ஒரு மோட்டார், பின்னே ஒரு மோட்டார். இடையில் தண்டு கிடையாது. எந்த மோட்டாருக்கு எவ்வளவு விசை என்பதைக் கணினி விநாடியின் நுண்ணிய பகுதியில் முடிவு செய்கிறது.

ஓர் ஒப்பீட்டைப் பார்ப்போம். 1992-இன் லேன்சர் எவல்யூஷன் ஏறத்தாழ 1,240 கிலோ எடையும் 250 குதிரைத்திறனும் கொண்டது. 2024 மார்ச்சில் இந்தியாவில் அறிமுகமான பிஒய்டி சீல் காரின் நான்கு சக்கர இயக்க வடிவம் 530 குதிரைத்திறன் கொண்டது. அதன் எடை 2,185 கிலோ. திறன் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. ஆனால், ஒரு டன் எடைக்கு எவ்வளவு திறன் என்று கணக்கிட்டால், பழையதில் சுமார் 200, புதியதில் சுமார் 240. அதாவது, உயர்வு ஐந்தில் ஒரு பங்குதான். கூடுதல் திறனின் பெரும்பகுதி கூடுதல் எடையைச் சுமப்பதிலேயே கரைந்துவிடுகிறது.

அந்த எடை காரில் செல்பவருக்கு மட்டும் உரிய விஷயமல்ல. ஒரே வேகத்தில் செல்லும்போது இயக்க ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் உயரும். எனவே, புதிய கார் சுமக்கும் மோதல் ஆற்றல் பழையதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. பொருளாதாரத்தில் இதைப் 'புறவிளைவு' என்போம். பயன் வாங்குபவருக்கு, செலவின் ஒரு பகுதி எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டிக்கும், சாலையைக் கடக்கும் பாதசாரிக்கும்.

புதிய கார்களைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. உள்ளிருப்பவர்களின் பாதுகாப்பிலும், தானாகத் தடை போடும் வசதியிலும் அவை பழைய கார்களைவிடப் பல படிகள் மேலானவை. ஐரோப்பியப் பாதுகாப்புச் சோதனையில் சீல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பழைய கார்கள் எரிபொருளை விழுங்கின; நச்சுப் புகையைக் கக்கின. அவை திரும்பி வர வேண்டும் என்று ஏங்குவதில் பொருளில்லை.

கவனிக்க வேண்டிய மாற்றம் விலையில் இருக்கிறது. பெட்ரோல் காரில் திறனைக் கூட்ட வேண்டுமெனில் வலுவான பிஸ்டன், பெரிய டர்போ, கூடுதல் குளிர்விப்பு, அதிக எரிபொருள், அடிக்கடி பராமரிப்பு என ஒவ்வொன்றும் செலவு. அந்தச் செலவே ஓர் இயல்பான வேலியாக இருந்தது. டர்போ விழித்தெழ எடுத்துக்கொண்ட தாமதமும், கியரையும் கிளட்ச்சையும் கையாளத் தேவைப்பட்ட பயிற்சியும் ஓட்டுநருக்கு எச்சரிக்கையாக அமைந்தன.

இன்று அந்த வேலி சரிந்துவிட்டது. இந்தியாவில் சீல் அறிமுகமானபோது, பின்சக்கர இயக்கமும் 313 குதிரைத்திறனும் கொண்ட வடிவத்தின் விலை ரூ.45.55 லட்சம். 530 குதிரைத்திறனுடன் நான்கு சக்கர இயக்கம் கொண்ட வடிவத்தின் விலை ரூ.53 லட்சம். முதல் 313 குதிரைத்திறனுக்கு வாங்குபவர் தலா ஏறத்தாழ ரூ.14,500 கொடுக்கிறார். அடுத்த 217-க்கு அவர் கொடுப்பது தலா ரூ.3,450-க்கும் குறைவு. பொருளாதாரம் கூறும் 'இறுதிநிலைச் செலவு' இவ்வளவு வீழ்ந்துவிட்ட ஒரு பண்டத்துக்குச் சந்தை தானாக வரம்பிடாது.

நிறுவனங்கள் தாமாகவே வரம்பிட்டுக்கொள்ளும் காலமும் கடந்துவிட்டதாகத் தெரிகிறது. 1,548 குதிரைத்திறன் கொண்ட எஸ்யு7 அல்ட்ரா செடானை விற்ற சீனாவின் ஷாவ்மி நிறுவனம், 2025 மே மாதம் ஒரு மென்பொருள் மாற்றத்தின் மூலம் சாதாரணப் பயன்பாட்டில் அந்தத் திறனைச் சுமார் 900 ஆகக் குறைக்க முயன்றது. பந்தயத் தடத்தில் உரிய நேரத்தில் சுற்றிக் காட்டுபவர்களுக்கே முழுத் திறன் என்றது. பணம் கொடுத்து வாங்கியதைப் பறிப்பதா என்று உரிமையாளர்கள் கொதித்தெழ, நிறுவனம் பின்வாங்கியது.

உரிமையாளர்களின் கோபம் நியாயமானது. விற்ற பின் ஒப்பந்தத்தை மாற்றும் உரிமை விற்றவருக்கு இல்லை. ஆனால், இந்த நிகழ்வு ஓர் உண்மையையும் வெளிப்படுத்தியது. மென்பொருளால் கூட்டக்கூடிய திறனை மென்பொருளாலேயே அடக்கவும் முடியும். அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதுதான் கேள்வி. விற்பனைக்கு முன்பே, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக, அரசு விதிக்க வேண்டிய வரம்பு அது. சீனாவின் வரைவு அந்தத் திசையில் நடந்திருக்கிறது. அது திறனைத் தடை செய்யவில்லை. ஓட்டுநர் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது.

நம் நாட்டின் நிலை என்ன? 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு-சேவை வரி மாற்றத்தின்படி, சிறிய பெட்ரோல் கார்களுக்கும் 350 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கும் 18 சதவீத வரி. பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம். மின்சாரக் கார்களுக்கு, அவற்றின் எடையும் திறனும் எவ்வளவாக இருந்தாலும், 5 சதவீதம். மிதிவண்டிக்கும் அதே 5 சதவீதம்தான்.

இறக்குமதிக் கார்களுக்குச் சுங்க வரி தனியாக உண்டு என்பது உண்மை. ஆனால், அது காரின் பிறப்பிடத்தைப் பார்க்கும் வரி. சாலையில் அது ஏற்படுத்தும் விளைவைப் பார்க்கும் வரியல்ல. இதே திறனுள்ள கார் நாளை இந்தியாவிலேயே தயாரானால் அந்தச் சுவரும் இருக்காது. வேலைக்குச் செல்ல 100 சிசி வண்டி வாங்கும் தொழிலாளி 18 சதவீதமும், 530 குதிரைத்திறன் கார் வாங்கும் செல்வந்தர் 5 சதவீதமும் செலுத்தும் முறை, சமநீதிக் கோட்பாட்டுக்கும் பொருந்தாது. சாலைப் பாதுகாப்புக்கும் பொருந்தாது.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. அதிக எடையும் திடீர் முடுக்கமும் இணைந்த வாகனங்கள் பெருகும்போது விலை கொடுக்கப்போவது இவர்கள்தான். அத்தகைய கார்கள் இங்கே இன்னும் சொற்பம்தானே என்று கேட்கலாம். மின்கலத்தின் விலை குறையக் குறைய அவை பெருகும். விதியை எழுத ஏற்ற நேரம், அதை எதிர்க்கும் உரிமையாளர்கள் குறைவாக இருக்கும் நேரமே.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சாதாரண மின்சாரக் கார்களுக்கு 5 சதவீத வரியைத் தொடர்ந்துவிட்டு, குறிப்பிட்ட எடையையும் திறனையும் தாண்டுபவற்றுக்குப் படிப்படியாக உயரும் வரியை விதிக்கலாம். பிரான்ஸ் 2022 முதல் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட கார்களுக்கு எடை அடிப்படையில் வரி விதித்தது. 2024-இல் அந்த வரம்பை 1,600 கிலோவாகக் குறைத்தது. மின்சாரக் கார்களுக்கு அங்கு விலக்கு அளிக்கப்பட்டது. நாம் அந்த விலக்கை முழுமையாகத் தராமல், மிகை எடைக்கு மட்டுமாவது வரி விதிக்கலாம்.

இரண்டாவது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சீன வரைவை ஆராய்ந்து, இயக்கத் தொடங்கும்போது மிதமான முடுக்கம் என்பதை இங்கும் கட்டாயமாக்கலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மூன்றாவது, சிறிய காரில் ஓட்டிக் காட்டிப் பெற்ற இலகுரக வாகன உரிமமே 500 குதிரைத்திறன் காருக்கும் போதும் என்ற நிலை மாறி, அத்தகைய கார்களுக்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் வர வேண்டும்.

பழைய தலைமுறையின் கார்கள் கட்டுக்குள் இருந்ததற்கு அவற்றைச் செய்தவர்களின் நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. செலவும், எடையும், எழுதப்படாத ஓர் உடன்பாடும் அவற்றைப் பிடித்து நிறுத்தின. புதிய தலைமுறையை நிறுத்த அவை எதுவும் இல்லை. எஞ்சியிருப்பது சட்டம் மட்டுமே. எரிபொருளை மட்டும் பார்த்து வரி விதிக்கும் நம் அரசு, எடையையும் வேகத்தையும் பார்க்கத் தொடங்க வேண்டும்.